ராகுகாலத்தில் பழம் வெட்டிய கதை

வைன் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு முதலில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். கொம்பனி வரவேற்பறையில் வரிசையாக மாட்டியிருக்கிற பழைய படங்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மீசையும் தொப்பியுமாக நிற்கிற அந்த மனிதர்கள் நல்லவர்கள்தான். ஆனால் படத்துக்குக் கீழே இருக்கிற கதையை எழுதியவருக்கு மாதச் சம்பளம்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஓக்லாந்தின் மேற்குப் பக்கத்து வைன் கொம்பனிகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி, "அங்கிள், உங்கட அனுபவத்தில நாலு வரி எழுதுங்கோவன்" என்று கேட்டாள். ஊரில் நான் இரசாயன வாத்தியார். நாலு வரியில் எதையும் முடித்த பழக்கம் எனக்கு இல்லை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

சீனி அளப்பது, புளிப்பு அளப்பது, தொட்டி கழுவுவது எதையும் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். லேசில் வராதது ஒன்றுதான்: குடும்பம் நடத்துகிற கொம்பனியில் எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடிக்கொண்டிருப்பது.

இந்த நாட்டுக்கு வந்து முதல் சில வருடம் பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. பிறகுதான் வைன் கொம்பனி ஒன்றில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. நானோ சைவம், குடிக்கிற பழக்கம் கிடையாது. வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்ப வேண்டும், அவ்வளவுதான். துப்புவதற்கும் சம்பளம் தருவார்களா என்று என் மனைவி பல நாள் நம்பவில்லை. கோயிலில் யாராவது கேட்டால், "இவருக்குப் பழச்சாறுக் கொம்பனியில வேலை" என்று சொல்லிவிடுவாள். அது பொய்யும் இல்லை. பழச்சாற்றை நாங்கள் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைத்தோம்.

இனி அந்தக் குடும்பம். முதலாவது தலைமுறைக்காரர் அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து, வடக்கே சேற்றைக் கிண்டி, அங்கே புதைந்து கிடந்த கௌரி என்கிற காட்டு மரத்தின் பிசினை எடுத்து விற்றவர். அந்தக் காசில் ஓக்லாந்துக்கு மேற்கே களிமண் நிலம் வாங்கி, தன் ஊரிலே கண்ட திராட்சையை நட்டார். மகன் வந்தார். அப்பாவின் கொடி நோய் பிடிக்கிறது என்று பிடுங்கி எறிந்துவிட்டு, எந்த மழைக்கும் சாகாத முரட்டு இனத்தை நட்டு, தித்திப்பான மலிவு வைன் செய்து விற்றார். அவருடைய மகன் இவான். ஊர் ருசி மாறிவிட்டது என்று அவர் அப்பாவின் கொடியைப் பிடுங்கிவிட்டு, அந்தக் காலத்தில் வங்கிக்காரர் கடன் கொடுக்க விரும்பிய இனத்தை நட்டார். ஒவ்வொருவரும் முந்தியவரின் கொடியைப் பிடுங்கிய கையோடு அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். போத்தலில், 'தலைமுறை தலைமுறையாக அதே மண், அதே கை' என்று அச்சடித்தார்கள். மண் அதேதான் என்பதற்கு நான் சாட்சி.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எதையும் 'நான் சொல்கிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். முதலாமவர் ஒரு வருடம், பழத்தை இன்னும் கொஞ்ச நாள் விடுவோம் என்று சொன்னாராம். மழை வந்து முழுவதும் போய்விட்டது. கப்பலில் கூடவே வந்த அவருடைய தம்பி அதற்குப் பிறகு சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து முடிவைச் சொல்வதற்கு வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் பாதிரியார், பிறகு உர வியாபாரி, கடைசியாக எனக்கு முன்னால் ஆய்வுகூடத்தில் இருந்த ஸ்கொட்லாந்துக்காரர். அந்த மனிதர் போகும்போது எனக்கு ஒரேயொரு விஷயம்தான் சொல்லித்தந்தார். "உன்னட்டக் கேப்பினம். சத்தமாப் பதில் சொல்லு. அதுக்குத்தான் சம்பளம்." (இங்கே எல்லாரும் கதைத்தது இங்கிலீசில். நான் என் காதுக்கு வசதியான தமிழில் எழுதுகிறேன்.)

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. முதலாவது வருடம் இவான் ஒரு கிளாஸைத் தூக்கிக்கொண்டு வந்து, "லேப் என்ன சொல்லுது?" என்று கேட்டபோது உச்சி குளிர்ந்துபோனேன். பெட்டி தூக்கினவனிடம் முதலாளி அபிப்பிராயம் கேட்கிறார்! எனக்குச் சரி என்று பட்டதைச் சொன்னேன். வைன் நன்றாக வந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு தொட்டி கெட்டுப்போனது. அன்றைக்குத்தான் சாப்பாட்டு மேசையில் என் பெயர் அடிபட்டது. "லேப்தான் சொன்னது" என்று இவானும் அவருடைய மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒன்றுபட்டு நான் கண்ட முதல் விஷயம் அது. கோபப்பட்டு வேலையை விட நினைத்தேன். பிறகு, குடும்பம் உடையாமல் இருக்க ஒருவன் பழியைச் சுமக்கத்தான் வேண்டும், நான் சுமந்தால் வீட்டு மோட்கேஜ் கடனும் கட்டுப்படும் என்று சமாதானமாகிவிட்டேன்.

மகளின் பெயர் மரியா. வெளியூர் போய் வைன் படிப்புப் படித்துவிட்டு வந்து, பின்பக்கத்துச் சரிவில் சார்டனே திராட்சை நட்டாள். இவானுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சரிவின் களிமண்ணில் தண்ணீர் வடியாது, பழம் அழுகும் என்றார். அவர் வாயோ என்னவோ, கொடி காய்க்கத் தொடங்கிய முதல் வருடமும் மழை, அடுத்த வருடமும் மழை. குலை குலையாகப் பூஞ்சணம் பிடித்ததை மரியாவே வெட்டி வாளி வாளியாகக் கொட்டினாள். இவான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். "மூண்டாவது முறையும் இப்பிடி எண்டால் பிடுங்கிப் போடுவம்" என்றார். பிடுங்கிவிட்டு அங்கே என்ன செய்வது என்பதும் தயாராக இருந்தது. கலியாண மண்டபம். வெள்ளைக் கூடாரம், புல்தரை, கார் நிறுத்த இடம். இந்த நாட்டில் திராட்சையிலிருந்து வருவதைவிட, திராட்சைக்குப் பக்கத்தில் நின்று மோதிரம் மாற்றுகிறவர்களிடமிருந்து வருவது கூடப் போலிருக்கிறது. மூன்றாவது அறுவடைக்கு முன்பே இவான், மண் வெட்டுகிற டிகர்காரனுக்குச் சொல்லி நாளும் குறித்து வைத்துவிட்டார். மரியாவுக்கு அது தெரியும். காலையும் மாலையும் அந்தச் சரிவில் இலை கிள்ளிக்கொண்டு நின்றாள்.

கலியாண மண்டப யோசனை இவானின் மருமகள் ஜெஸ்ஸுடையது. விளம்பரமும் விற்பனையும் அவள் பொறுப்பு. கெட்டிக்காரி, பாடுபடுகிறவள், நல்ல மனம். ஆனால் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு லேபிள் ஒட்டாமல் விட மாட்டாள். அந்தக் கண் ஒருநாள் என் ஆய்வுகூடச் சுவரில் விழுந்தது.

அங்கே ஒரு நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தமிழ்க் கடையில் சாமான் வாங்கினால் தை மாதம் சும்மா தருவார்களே, தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற நாட்காட்டி, அதுதான். வீட்டுக்கு ஒன்று போதும் என்று, கூடக் கிடைத்த இன்னொன்றை என் மனைவி, "உங்கட லேப்பில கொழுவுங்கோ, அங்கயும் நல்லது கெட்டது பாக்கலாம்" என்று தந்துவிட்டாள். சுவரில் பூச்சு உரிந்த இடம் ஒன்று இருந்தது. மறைக்க வசதியாக இருந்தது, கொழுவினேன்.

"இந்தக் குட்டி எழுத்தெல்லாம் என்ன?" என்று ஜெஸ் கேட்டாள்.

"நல்ல நேரம், கெட்ட நேரம். இது ராகுகாலம். ஒவ்வொரு நாளும் ஒண்டரை மணித்தியாலம், அதுக்குள்ள புதுசா ஒண்டும் தொடங்கக்கூடாது எண்டு சொல்லுவினம்."

"நீங்கள் நம்புறியளோ?"

"என்ர மனிசி நம்புறா. அதால நானும் பாக்கிறன்."

இதில் பிழை சொல்ல ஏதாவது இருக்கிறதா? நேர்மையான பதில். இரண்டு மாதம் கழித்துப் புதுப் போத்தல் வந்தது. பின்பக்க லேபிளில் பொன்னெழுத்தில், 'தொன்மையான தமிழ் வான் ஞானத்தின்படி அறுவடை செய்யப்பட்டது.' கொம்பனி இணையத்தளத்தில் என் படம். வேட்டி கட்டிக்கொண்டு கொடிக்கு நடுவே நின்று ஆகாயத்தைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். அந்த வாரமே கோயிலில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணை, நீங்கள் வைன் கொம்பனியில ஐயரோ?" என்று கேட்டார். என் மனைவியின் பழச்சாறுக் கொம்பனி அன்றோடு இழுத்து மூடப்பட்டது.

இவானுக்கு இது மெத்தப் பிடித்துப்போனது. லேப் சொன்னது என்பதற்கு மேலே, இப்போது வானமே சொல்கிறது. வானத்தை யார் குற்றம் சொல்வது? தொட்டி மாற்றவும் நாட்காட்டி, போத்தல் அடைக்கவும் நாட்காட்டி. லொறிக்காரன் வாசலில் நின்று கத்துவான். ராகு போகட்டும் என்று மூன்றாம் தலைமுறை வைன் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

இதிலே ஒரு பெரிய வேடிக்கை இருந்தது. அந்த நாட்காட்டி சென்னையில் அச்சடித்தது. கடைக்காரர் தன் கடைப் பெயரை மட்டும் கீழே போட்டு வாங்குகிறார். ராகுகாலம் என்பது அந்தந்த ஊரில் சூரியன் உதிப்பதிலிருந்து கணக்குப் பார்ப்பது. இங்கே மார்ச் மாதத்தில், மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்திருப்பதால், ஏழு மணி தாண்டித்தான் விடிகிறது. இந்த ஊரில் பாதித் தமிழ் வீடுகள் சென்னை ராகுவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்துவிட்டு, ஓக்லாந்து ராகு வருகிற நேரத்துக்குச் சரியாக வெளிக்கிடுகின்றன. கோயில் ஐயர் எனக்கு இதை விளங்கப்படுத்தியிருந்தார். நான் ஜெஸ்ஸிடம் சொன்னேன். "அது சிக்கலாயிருக்கு, லேபிளில இடமில்ல" என்றாள்.

இனி அந்த நாள். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. மரியாவின் சரிவில் மூன்றாவது முறையாகப் பழம். அந்த வருடம் கோடை நன்றாக இருந்தது. குலைகள் பொன் நிறமாக, தோல் மெல்லியதாக, ஒரு குறையும் இல்லாமல் தொங்கின. நான் வாயில் போட்டுப் பார்த்துத் துப்ப மறந்த பழம் அதுதான். சீனியும் புளிப்பும் சரியாக இருந்தன. வெட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மேற்கேயிருந்து பெருமழை ஒன்று வருகிறது, பின்னேரம் பிடிக்கும் என்று வானிலையில் சொன்னார்கள். பிடித்தால் இரண்டு மூன்று நாள் விடாது.

ஜெஸ் அந்த நாளுக்கு விழா ஏற்பாடு செய்திருந்தாள். கூடாரத்துக்குக் கீழே வெளிநாட்டிலிருந்து வந்த வைன் வாங்குகிறவர்கள், இரண்டு பத்திரிகைக்காரர்கள், தட்டுத் தட்டாகச் சீஸ். வெள்ளிக்கிழமை நாட்காட்டிப்படி ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்ததும் நான் வேட்டியோடு முதல் குலையை வெட்ட வேண்டும், பிறகு ஆட்கள் இறங்குவார்கள். அதுதான் நிகழ்ச்சி நிரல்.

விடியவிடியத் தூறல் இருந்தது. பழத்தின் ஈரம் காய வேண்டுமே என்று காலையில் காத்திருந்தோம். காற்று வந்து காயவைத்தது. நான் சரிவுக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே வந்தேன். மணி பத்தரை தாண்டியிருந்தது. மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வைட்டாக்கரே மலைத்தொடர் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. பின்னேர மழை அவசரப்பட்டு வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். வெட்டுகிற ஆட்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். இவான் பார்த்தார். இந்தத் தொழிலில் பிறந்தவர். அந்தக் கறுப்புக்கு அர்த்தம் அவருக்குத் தெரியாதா? மரியா பார்த்தாள். கையிலே கத்தரி இருந்தது, திறப்பதும் மூடுவதுமாக. ஜெஸ் பார்த்துவிட்டு விருந்தினர் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் சீஸ் எடுக்கச் சொன்னாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வெட்டு என்று இவான் சொன்னால் மருமகளின் விழா கெடும், லேபிள் பொய்யாகும். மரியா சொல்லி, அவசரத்தில் ஏதாவது பிசகினால், அதுவும் அவள் தலையிலே விழும். நான் முன்பு சொன்ன அந்தத் தம்பி, சாகும்வரை கதைக்காத தம்பி, அவர்கள் எல்லாருக்கும் நடுவே வந்து நின்றமாதிரி எனக்குத் தோன்றியது.

கடைசியில் எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியது.

"உம்மட நாட்காட்டி என்ன சொல்லுது?" என்று இவான் கேட்டார். குரல் கொஞ்சம் கெஞ்சியது.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை. உள்ளூர்ச் சூரியனைக் கணக்குப் பார்த்தால் இப்போது ராகுகாலமே இல்லை. ராகு பன்னிரண்டுக்குத்தான் வருகிறார், விழா தொடங்குகிற அதே நேரத்துக்கு! ஆகவே இப்போதே வெட்டுவதுதான் உத்தமம். மரியா தப்புவாள், லேபிள் தப்பும், இவானின் மரியாதை தப்பும், பத்திரிகைக்காரனுக்கு எழுத விஷயம் கிடைக்கும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எனக்கே என்னைக் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது. தொண்டையைச் செருமினேன். வேட்டியைச் சரிசெய்தேன். வாத்தியார் பழக்கம், முன்னுரை இல்லாமல் தொடங்க வராது.

"மிஸ்டர் இவான், சூரியன் ஒவ்வொரு ஊரிலயும்..." என்று தொடங்கினேன்.

"நான் வெட்டப் போறன்" என்றாள் மரியா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இவான் திரும்பினார். "என்ன சொல்லுறாய்?"

"மழை வருது. நான் வெட்டப் போறன். நான் சொல்லுறன், அப்பா. அழுகினாலும் என்ர, பிழைச்சாலும் என்ர."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள். வெட்டுகிற ஆட்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் போல் எழும்பிப் பின்னால் ஓடினார்கள். நான் சூரியனோடு வாயைத் திறந்தபடி நின்றேன்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வராது. எல்லாரும் எல்லாம் செய்தோம். ஜெஸ் கூடாரத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குதி உயர்ந்த சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, விருந்தினரிடம், "வாங்கோ, இதுதான் உண்மையான அறுவடை!" என்று கத்திக்கொண்டு அவர்களையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு பத்திரிகைக்காரர் விரலை வெட்டிக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழம் பிழிகிற கொட்டகைக்கும் சரிவுக்குமாகப் பெட்டி தூக்கினேன். பென்ரோஸ் பழக்கம் கைகொடுத்தது. இவான் மட்டும் மேலே, வேலிக்கு இந்தப் பக்கத்தில், அதே இடத்தில் நின்றார். நான் மூன்றாவது தரமோ நாலாவது தரமோ வரும்போது பார்த்தால் அந்த இடத்தில் ஆளில்லை. மரியாவின் வரிசைக்கு எதிர் வரிசையில் முழங்கால் இரண்டும் சேற்றில் இருக்க, குனிந்து கீழ்க்குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். கொடிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் தகப்பன். கத்தரிச் சத்தம் மட்டும்தான்.

கடைசி இரண்டு வரிசை மிச்சமிருக்கும்போது மழை கொட்டியது. அதை விட்டுவிட்டோம். மற்றதெல்லாம் கொட்டகைக்குள் வந்துவிட்டது.

உங்களுக்கு இதிலே நான் சொல்ல விரும்பியது இவ்வளவுதான். நெருக்கடியில் எனக்குக் கெட்டித்தனமான ஒரு பதில் கிடைத்தது. நல்ல பதில்தான். ஆனால் அதை நான் சொல்லி முடித்திருந்தால் பழம் தப்பியிருக்கும், மரியா தப்பியிருக்க மாட்டாள். அடுத்த வருடமும் அவள் கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டு, இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். ஆகவே பிள்ளைகளே, யாரையாவது காப்பாற்றப் போகிற அவசரத்தில் கொஞ்சம் மெதுவாகத் தொண்டையைச் செருமுங்கள். எனக்கு அது வாத்தியார் குணத்தால் தற்செயலாக அமைந்தது. உங்களில் யாருக்காவது புத்தியால் அமைந்தால் சந்தோஷம்.

விளம்பரத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்பீர்கள். 'தமிழ் வான் ஞானம் குறித்துக் கொடுத்த அரிய நாழிகையில், குடும்பம் முழுவதும் கைகோத்து வெட்டியது.' ஜெஸ் திருந்துகிற ஆள் இல்லை. நானும் திருத்தப் போகவில்லை.

அன்று பின்னேரம் கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. முதல் சாறு இறங்கியது. இவான் நனைந்தபடி வந்து ஒரு கிளாஸில் பிடித்தார். இத்தனை வருடமும் அந்தக் கிளாஸ் நேரே என்னிடம் வரும். நானும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதை மரியாவிடம் கொடுத்தார்.

"இனி என்ன செய்வம்?" என்று கேட்டார்.

மரியா குடித்துப் பார்த்தாள். முகத்தைத் துடைத்தாள். "இண்டைக்கு ஆறட்டும். நாளைக்குச் சொல்லுறன்."

"சரி" என்றார்.

என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஈர வேட்டியோடு மூலையில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இவான் வாசலுக்குப் போய், சேற்றுக் கையாலேயே போனை எடுத்தார். டிகர்காரனைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்தில் அவன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். இவான் மழைக்குள்ளே சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ர மகள் சொல்லிப்போட்டாள்" என்றார்.